எத்தனை பேருக்கு?

"எத்தன பேருக்கு சார்?" என்று கடைக்காரர் கேட்டதும் அண்டா என்று பட்டப்பெயர் கொண்ட அந்தப் பெரியவரின் வாயிலிருந்து பதில் தானாக வந்துவிட்டது.

"நானூறு."

கறி, மீன் சுடும் கிரில் அடுப்பின் மூடியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்த கடைக்காரர் துடைப்பதை நிறுத்திவிட்டு, வந்திருப்பவர் பெரிய ஹோட்டல் முதலாளியோ என்று மேலும் கீழும் பார்த்தார். தேய்ந்த செருப்பு, முழங்கை வரை மடித்துவிட்ட சட்டை, புறங்கையில் பழைய தீக்காயத் தழும்புகள். முதலாளி மாதிரி எதுவும் தென்படவில்லை.

"வீட்டுக்குன்னுதானே சொன்னீங்க?"

"வீட்டுக்குத்தான்" என்று அண்டா அசடு வழிந்தார். "வாய் தவறிடுச்சு."

தவறாமல் என்ன செய்யும்? ஒரு தொழிற்சாலைக் கேன்டீனில் தலைமைச் சமையல்காரராக இருந்து, தலை நரைத்து ஓய்வு பெற்றவர் அவர். தினமும் வேலையை ஆரம்பிக்கும் முன் கேட் வாட்ச்மேனிடம் போய் "இன்னைக்கு எத்தன பேருப்பா?" என்று கேட்பார். உலை எவ்வளவு, காய் எவ்வளவு, அன்றைக்கு யார்மேல் எரிந்து விழுவது எல்லாம் அந்தப் பதிலைப் பொறுத்தது. ஆள் கூடினால் திட்டிக்கொண்டே சமைப்பார். குறைந்தால் முணுமுணுத்துக்கொண்டே சமைப்பார். மனுஷர் சும்மா சமைத்ததாகச் சரித்திரமே இல்லை. ஆள் என்னவோ ஒல்லிதான். பெரிய அண்டாவைச் சாய்த்து உள்ளே இறங்கித் தேய்த்தால் வெளியே தலைகூடத் தெரியாது. பெயர் அப்படி வந்தது. முதலில் அந்தப் பெயரைக் கேட்டால் மூக்குக்கு மேல் கோபம் வரும். கடைசியில் அவரே போனை எடுத்து "அண்டா பேசுறேன்" என்று சொல்லும் அளவுக்கு அது ஒட்டிக்கொண்டது.

அந்தக் கேன்டீனில் சாப்பாடு கொடுக்க ஒரு ஜன்னல் இருந்தது. கட்டியவன் எந்த யோசனையில் கட்டினானோ, உள்ளே நிற்பவருக்கு வெளியே நிற்பவரின் மார்பும் கையும்தான் தெரியும், முகம் தெரியாது. தட்டு நீளும், அண்டா போடுவார், தட்டு போகும், அடுத்த தட்டு நீளும். ஆகையால் அவருக்கு மனிதர்களைக் கையை வைத்துத்தான் அடையாளம் தெரியும். கிரீஸ் பிடித்த நகம், பச்சை குத்திய மணிக்கட்டு, விரல் நுனி போன கை. ஓய்வு பெற்ற பிறகு தெருவில் யாராவது "அண்டா அண்ணே, சௌக்கியமா?" என்று நின்றால் முகத்தைப் பார்த்துப் பேந்தப் பேந்த விழிப்பார். பிறகு கையைப் பார்ப்பார். "அட, நீயா!" என்பார்.

எல்லாருக்கும் போட்ட பிறகு சமையல்காரன் சாப்பிடுவான். அதற்குள் தட்டுகளெல்லாம் கழுவத் தொட்டிக்குப் போயிருக்கும். அண்டா ஒரு பாத்திர மூடியைத் திருப்பிப் பிடித்து, அதில் மிச்சத்தைப் போட்டுக்கொண்டு, தொட்டியில் சாய்ந்தபடி நின்றே விழுங்குவார். ராத்திரி சாப்பாட்டையும் அங்கேயே முடித்துக்கொண்டுதான் வீட்டுக்கு வருவார். மனைவி கதவைத் திறந்ததும் ஒரே கேள்விதான் கேட்பாள்.

"சாப்ட்டாச்சா?"

"ஆச்சு."

அதோடு சரி. அவர் முகம் கழுவிப் படுத்துவிடுவார். அவள் மகளோடு முன்னமே சாப்பிட்டிருப்பாள் என்பது அவர் நினைப்பு. கேட்டதில்லை. இதிலெல்லாம் கேட்பதற்கு என்ன இருக்கிறது? ஓய்வு பெற்ற அதே வருஷம் அவள் படுக்கையில் விழுந்தாள், எழுந்திருக்கவில்லை. மகள் கல்யாணமாகி ரயிலில் ஒரு ராத்திரிப் பயணமாகும் ஊரில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை சாயந்தரமானால் போன் வரும்.

தனியாக இருப்பவருக்குச் சமையல் தெரிந்திருந்தால் பிழைத்துக்கொள்ளலாம் என்று சொல்வார்கள். அண்டாவுக்குத் தெரிந்த சமையலில் அந்தச் சௌகரியம் இல்லை. ஒரு ஆளுக்கு எவ்வளவு உப்பு என்று தலைகீழாக நின்றாலும் அவருக்குப் பிடிபடவில்லை. கையை விட்டு அள்ளினால் பத்துப் பேருக்கு வரும், பாதியைத் திரும்பப் போட்டால் ருசி ஓடிப்போகும். மிஞ்சியதை எதிர் வீட்டு டீச்சருக்குக் கொடுத்தனுப்புவார். டீச்சர் நல்ல பெண்மணி, பல நாள் பொறுத்துக்கொண்டார். ஒருநாள் வாசலுக்கே வந்து, "சார், தப்பா எடுத்துக்காதீங்க, எங்க வீட்டு ஃப்ரிட்ஜ்ல இப்ப எங்க சாப்பாட்டுக்கே இடமில்ல" என்றார். அன்றிலிருந்து அண்டா ரொட்டியும் பாலுமாக ஓட்டினார். அதையும் நின்றுகொண்டே.

இப்படி இருக்கும்போதுதான் மகள் போனில் சொன்னாள், "லீவுக்கு நாங்க மூணு பேரும் வர்றோம்ப்பா. ஒண்ணே ஒண்ணு கேப்பேன், செய்வீங்களா?"

"கேளும்மா."

"நீங்க உக்காந்து சாப்ட்டு நான் பார்த்ததே இல்ல. என் கல்யாணத்துலகூட சமையல் ஆளுங்களோட நின்னுக்கிட்டிருந்தீங்க. இந்தத் தடவ எங்களோட உக்காந்து சாப்பிடணும். வேற எதுவும் வேணாம்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். போனை வைத்த பிறகு அண்டாவுக்குச் சிரிப்பு வரவில்லை. உட்கார்ந்து சாப்பிடுவது என்ன பெரிய வித்தையா? அவருக்கு வித்தைதான். வீட்டுச் சமையலறையில் ஒருவர் நின்றால் இன்னொருவர் நுழைய முடியாது, சாப்பாட்டு மேசையோ சுவருக்கு அந்தப் பக்கம். அடுப்பில் ஏதாவது இருக்கும்வரை இந்த மனுஷர் அதை விட்டு நகர மாட்டார். நகர மாட்டோம் என்று அவருக்கே தெரியும்.

வழி காட்டியவர் கொத்தனார். பழைய சிநேகிதர். தான் கட்டி முடித்த ஒரு வீட்டின் பின்புறத்தைக் காட்டக் கூட்டிப்போனார். திறந்தவெளியில் ஒரு நீளக் கருங்கல் மேடை, அதன் ஒரு பாதியில் பதித்த அடுப்பு, மறு பாதியில் ஸ்டூல்கள். சுடுகிறவரும் சாப்பிடுகிறவரும் ஒரே கல்லில். அண்டா அந்த ஸ்டூலில் உட்கார்ந்து கையை நீட்டிப் பார்த்தார். அடுப்பு எட்டியது. உட்கார்ந்தபடியே திருப்பிப் போடலாம். அவருக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

"நம்ம வீட்டுப் பின்னாடி இது வருமா கொத்தனாரே?"

"இடம் குறுகல்ண்ணே. இவ்வளவு நீளம் வராது. சின்ன அடுப்பாப் பார்த்து எடுத்தீங்கன்னா மிச்சத்துல ரெண்டு பேர் மூணு பேர் தாராளமா உக்காரலாம். மேடையக் கட்டிடறேன். அடுப்பு அளவச் சொன்னப்புறம்தான் கல்ல வெட்டுவேன். வெட்டினது வெட்டினதுதான், திரும்ப ஒட்ட வராது."

மேடை எழும்பியது. சமையலறைக் கதவுக்கும் மதில் சுவருக்கும் நடுவே, ஒரு ஆள் படுத்தால் முடிந்துவிடும் நீளம். அந்த நீளத்தை மனதில் வைத்துக்கொண்டுதான் இப்போது கடையில் நிற்கிறார்.

"வழக்கமா எத்தன பேர் சார்?" என்று கடைக்காரர் பொறுமையாகத் திரும்பவும் கேட்டார்.

அண்டா கொஞ்சம் தயங்கினார். "வழக்கமா... ஒருத்தர்."

"யாராச்சும் வந்தா?"

"நாலு பேர்."

"அப்ப இந்த ரெண்டு பர்னர் போதும்" என்று ஓரத்தில் இருந்த சின்ன அடுப்பைக் காட்டினார் கடைக்காரர். "நாலு பேருக்கு ஒரே தடவையில சுட்டுடலாம். கம்பியில மூணுல ஒரு பங்கு காலியா விடணும் சார், கருகுறதத் தள்ளி வைக்க இடம் வேணும்ல. அது போகவும் இதுல இடம் இருக்கு. பெருசா எடுத்தா கேஸும் வீணு, ஒரு துண்ட வச்சா காய்ஞ்சும் போயிடும். நீங்க சொல்ற நீளத்துக்கு, பெருச வச்சு ரெண்டு பக்கமும் தட்டு வைக்க இடம் விட்டா மேடையே முடிஞ்சுடும்."

விற்கிறவனே சின்னதை வாங்கு என்று சொல்வது உலகத்தில் எப்போதாவது நடப்பது. அண்டா தலையாட்டினார். சின்ன அடுப்பின் மூடியைத் திறந்து பார்த்தார். உள்ளே கம்பி இரண்டு சாண் அகலம் இருந்தது. இரண்டே சாண்.

பத்தாமல் போய்விட்டால்?

ஒரே ஒரு தடவை பத்தாமல் போயிருக்கிறது. அன்று வாட்ச்மேனுக்குச் சொல்லாமல் இன்னொரு பகுதி ஆட்களையும் சாப்பிட அனுப்பிவிட்டார்கள். ஜன்னலில் கடைசியாக நீண்டது விரல் நுனி போன கை. அண்டா கரண்டியால் அடியைச் சுரண்டினார், ஒன்றும் வரவில்லை. தட்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு "பரவால்ல அண்ணே" என்று ஒரு குரல், தட்டு பின்வாங்கிக்கொண்டது. முகம் தெரியாததால் அவன் முகத்தை அண்டாவே விதவிதமாகக் கற்பனை செய்துகொண்டார், எல்லா முகத்திலும் பசி. அன்றிலிருந்து யார் எவ்வளவு சொன்னாலும் அவர் கூடத்தான் சமைப்பார்.

மாப்பிள்ளை இரண்டாம் தடவை கேட்டு இல்லை என்றால்? பேத்தி தட்டை நீட்டி நின்றால்?

"அந்தப் பெருசு?" என்றார்.

"அது அஞ்சு பர்னர் சார். நாப்பது இஞ்ச். உங்களுக்கு அது—"

"அதையே குடுங்க."

கொத்தனார் அளவைக் கேட்டதும் உளியைக் கீழே வைத்துவிட்டார். "அண்ணே, இத வச்சா ஸ்டூல் எங்க போடுறது?"

"உள்ள மேசை இருக்குல்ல."

"அப்ப எதுக்கு இத வெளிய கட்டினோம்?"

அண்டா டீ போடப் போனார். கொத்தனார் தலையில் அடித்துக்கொண்டு கல்லை வெட்டினார்.

மகள் வருவதற்கு முன் ஒருநாள் வெள்ளோட்டம் பார்த்தார். ஒரு மீனை வாங்கி, உப்பும் மிளகும் தடவி, ஐந்து பர்னரையும் பற்றவைத்து நடுவில் வைத்தார். அவ்வளவு பெரிய கம்பிக்கு நடுவே அந்த ஒற்றை மீனைப் பார்க்கவே சகிக்கவில்லை. பக்கத்தில் ஒரு வெங்காயத்தை நறுக்கி வைத்தார். அப்புறம் உருளைக்கிழங்கு. அப்புறம் மக்காச்சோளம். கம்பி நிறைந்த பிறகுதான் மூச்சு சீரானது. மீன் காய்ந்துபோயிருந்தது. மீதியைத் தட்டில் அடுக்கி எதிர் வீட்டைப் பார்த்தார். டீச்சர் வீட்டுச் சமையலறை விளக்கு சட்டென்று அணைந்தது. அது தற்செயலாகவும் இருக்கலாம்.

மகள் வந்தாள். மாப்பிள்ளை வந்தார். எல்லாராலும் வாலு என்று அழைக்கப்படும் பேத்தி வந்து, வீட்டை இரண்டு சுற்றுச் சுற்றி, பின்புறம் போய், "தாத்தா, இது கப்பலா?" என்று கேட்டாள். மகள் மேடையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தாள். அப்பாவின் முகத்தையும் ஒருமுறை பார்த்தாள். "நல்லா இருக்குப்பா" என்று மட்டும் சொன்னாள்.

முதல் நாள் சாயந்தரமே அடுப்பு பற்றியது. அண்டாவுக்கு ஒரே குஷி. கோழி ஒரு பக்கம், மீன் ஒரு பக்கம், காய்கள் ஓரமாக. வியர்வை வழிய இடுக்கியோடு அங்குமிங்கும் தாவினார். பத்து வயது குறைந்தவர் மாதிரி இருந்தார். வெந்ததும் குரல் கொடுத்தார், "தட்ட எடுத்துக்கிட்டு வரிசையா வாங்க!"

சொன்னது அவர் காதிலேயே விழவில்லை. வாலுவுக்கு அது விளையாட்டாகிவிட்டது. தட்டைத் தலையில் வைத்துக்கொண்டு முதல் ஆளாக நின்றாள். "தாத்தா, நான் இன்னொரு ஷிப்ட்டுக்கும் வருவேன்!" அவள் பின்னால் மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே நின்றார், கடைசியில் மகள். தட்டு நீண்டது, அண்டா போட்டார், அடுத்த தட்டு நீண்டது. வெளியே உட்கார இடம் ஏது? மூவரும் தட்டோடு உள்ளே போனார்கள்.

"மாமா, நீங்களும் வாங்க" என்று மாப்பிள்ளை குரல் வந்தது.

"நீங்க ஆரம்பிங்க மாப்ள, இது கருகிடும். இதோ வந்துட்டேன்."

இதோ என்பது எப்போது முடியும்? பெரிய கம்பியில் ஒன்று வெந்தால் இன்னொன்று பாதியில் நிற்கும். அதை எடுத்தால் காலியான இடம் அவரைப் பார்க்கும், அங்கே ஒன்றை வைப்பார். வாலு இரண்டு தடவை வந்து வாங்கிப்போனாள். உள்ளே தட்டுச் சத்தம், பேச்சு, ஏதோ ஒரு வேடிக்கைக்கு மாப்பிள்ளை விழுந்து விழுந்து சிரிக்கும் சத்தம். என்ன வேடிக்கை என்று அண்டாவுக்குத் தெரியாது. கேன்டீனிலும் இப்படித்தான், ஜன்னலுக்கு அந்தப் பக்கம் எப்போதும் ஒரு சிரிப்புச் சத்தம் இருக்கும். பசித்தது. பக்கத்தில் கிடந்த பாத்திர மூடியைத் திருப்பி இரண்டு துண்டைப் போட்டு, மதிலில் சாய்ந்து நின்று தின்று முடித்தார்.

விரலைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது மேடையின் அந்தப் பக்கம் ஒரு தட்டு வந்து நின்றது. அவர் நிமிராமலே இடுக்கியால் ஒரு துண்டை எடுத்துப் போடப் போனார். தட்டில் இடமில்லை. வைத்தது வைத்தபடி எல்லாம் இருந்தது, கோழியின் மேல் எண்ணெய் உறைந்திருந்தது. தட்டைப் பிடித்திருந்த கையைப் பார்த்தார். அவர் மனைவியின் கை. அப்படியே அதே கை. திடுக்கிட்டு நிமிர்ந்தால் மகள் நின்றுகொண்டிருந்தாள்.

"என்னம்மா, நல்லா இல்லியா?"

"நீங்க வருவீங்கன்னு வச்சுக்கிட்டிருந்தேன். அவங்கல்லாம் முடிச்சுட்டாங்க." அவள் தட்டைக் கல்லின் விளிம்பில் வைத்தாள். "நீங்க சாப்ட்டாச்சா?"

"ஆச்சு" என்றார். யோசிக்கவே இல்லை, வந்துவிட்டது.

மகள் தலையாட்டினாள். ஆறிப்போனதைப் பிய்த்து, அங்கேயே நின்றபடி சாப்பிடத் தொடங்கினாள். ஒரு வாய் விழுங்கிவிட்டு, "அம்மாவும் இப்பிடித்தான்" என்றாள்.

"எப்பிடி?"

"நீங்க வர்ற வரைக்கும் சாப்பிட மாட்டாங்க. எனக்குப் போட்டுட்டு சும்மா உக்காந்திருப்பாங்க. நீங்க வந்து ஆச்சுன்னு சொல்லிட்டுப் படுத்தப்புறம்தான் உள்ள போய்ப் போட்டுக்கிட்டுச் சாப்பிடுவாங்க."

"உன்னோட சாப்ட்டுருவான்னுல்ல நெனச்சேன்?"

"இல்லப்பா."

"ஒரு நாளாச்சும் சொல்லியிருக்கலாமே."

"நானும் கேட்டேன். எதுக்கும்மா தினம் கேக்குற, அவர் அங்கயே சாப்ட்டுட்டுதான வர்றாருன்னு. என்னைக்காச்சும் இல்லன்னு சொல்லுவாருடின்னு சொன்னாங்க."

மகள் குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் அண்டாவுக்குத் தேவலையாக இருந்திருக்கும். யாரோ ஒருவன் ஒரு நாள் பசியோடு போனதற்காக இத்தனை காலம் மனம் வெந்தவர் அவர். சொந்த வீட்டில் ஒருத்தி தினம் தினம் பசியோடு உட்கார்ந்திருந்திருக்கிறாள், அவளைத் தாண்டிப் போய்ப் படுத்துத் தூங்கியிருக்கிறார். ஐந்து பர்னரையும் ஒவ்வொன்றாக அணைத்தார். மகள் சாப்பிட்டு முடிக்கும்வரை கல்லுக்கு இந்தப் பக்கம் சும்மா நின்றார். உட்கார இடம் இல்லை.

மற்ற நாட்களில் அவர் முயற்சி செய்யவில்லை என்று சொல்ல முடியாது. மகள் சமைத்தாள், அவரை மேசையில் உட்கார வைத்தாள். ஆனால் தண்ணீர் எடுக்க எழுந்தார், உப்பு எடுக்க எழுந்தார், வாலுவின் தட்டு காலியானால் எழுந்தார். கிளம்பும்போது மகள் வாசலில், "அடுத்த தடவ பார்ப்போம்ப்பா" என்று தோளைத் தட்டிவிட்டுப் போனாள். அடுத்த தடவை எப்போது என்று அவளும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

பெரிய அடுப்பைக் கேன்டீனுக்கே கொடுத்துவிட்டார். அங்கேதான் அதற்கு வேலை. மறுபடி அதே கடைக்குப் போனார்.

"எத்தன பேருக்கு சார்?" என்றார் கடைக்காரர். இந்தத் தடவை அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"ரெண்டு பேருக்கு."

"வழக்கமா?"

"வழக்கமா ஒருத்தர்தான். நீங்க ரெண்டு பேருக்குக் குடுங்க."

கொத்தனார் சின்ன அடுப்பைப் பழைய ஓட்டையின் ஒரு கோடியில் பதித்தார். வெட்டிய கல்லை ஒட்ட முடியாதே, மிச்ச ஓட்டையின் மேல் ஒரு கெட்டிப் பலகையைப் போட்டு இறுக்கினார். "ஒட்டுப் போட்ட மாதிரி தெரியும்ண்ணே" என்று சலித்துக்கொண்டார்.

"தெரியட்டும்."

பலகைக்கு முன்னால் இரண்டு ஸ்டூல் வந்தன. கொத்தனாரை ஒன்றில் உட்காரச் சொல்லி, இன்னொன்றில் தானும் உட்கார்ந்து பார்த்தார். நடுவில் எழுந்திருக்கத் துடித்த காலை ஸ்டூலின் கம்பியில் பின்னிக்கொண்டார். "என்னண்ணே, பரீட்சை எழுதுற மாதிரி உக்காந்திருக்கீங்க?" என்று கொத்தனார் கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை சாயந்தரம் ஒரு மீனை மட்டும் சுட்டார். கம்பியில் அது போதுமான இடத்தை அடைத்துக்கொண்டது, அவ்வளவு அனாதையாகத் தெரியவில்லை. தட்டில் எடுத்து வைத்தார், மூடியில் இல்லை, தட்டில். பக்கத்தில் போனை வைத்தார். ஸ்டூலில் உட்கார்ந்தார். சாப்பிடவில்லை. மீனிலிருந்து ஆவி வந்தது, குறைந்தது, நின்றது. பசி வயிற்றைக் கிள்ளியது. வெறும் தட்டுக்கு முன்னால் காத்திருப்பதைவிடச் சாப்பாடு இருக்கும் தட்டுக்கு முன்னால் காத்திருப்பது கஷ்டம் என்று அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது. மனைவி தினமும் எப்படி இருந்தாளோ.

போன் அடித்தது.

"என்னப்பா, எப்பிடி இருக்கீங்க? சாப்ட்டாச்சா?"

வாய் 'ஆ' என்று திறந்துவிட்டது. அண்டா அதை விழுங்கினார்.

"இல்லம்மா" என்றார். "இன்னும் இல்ல."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். அந்தப் பக்கம் ஒரு மூக்குறிஞ்சல், ஒரு நாற்காலி நகரும் சத்தம்.

"இருங்கப்பா" என்றாள் மகள். "நானும் போட்டுக்கிட்டு வந்துடறேன்."

"மெதுவா வாம்மா" என்றார் அண்டா. ஸ்டூலைப் பலகைக்கு அருகே இழுத்துப் போட்டுக்கொண்டு காத்திருந்தார்.